ரயில் ஏணி

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மனிதரை எங்கள் வீட்டு மச்சில் வைத்து ஏணியை மேலே ஏற்றித் தாழ்ப்பாள் போட்டேன். காலையில் ஏறியவர் பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்தார். அவரைத் தேடி வந்தவரிடம் பொய் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏணி வந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் எனக்கே அது இனிக்க ஆரம்பித்துவிடும், இதை விட்டுவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது. கல்லூரியில் ஆசிரியர்கள் அறையிலும் கல்யாணப் பந்திகளிலும் எங்கள் வீட்டு ரயில் ஏணியைப் பற்றிச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மச்சில் இருந்தவரைப் பற்றி மட்டும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில், தஞ்சாவூரிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. ஓட்டு வீடு. கூடத்தில் தொடங்கிப் பின்கட்டு வரைக்கும் மேலே பலகை பாவிய மச்சு. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து நடக்கலாம். விதை நெல், புளி, வெல்லம், கல்யாணத்துக்கு மட்டும் கீழே இறங்கும் பெரிய பாத்திரங்கள், கால் உடைந்த தொட்டில் எல்லாம் அங்கேதான். ஏறுவதற்கு ஒரு மூங்கில் ஏணி உண்டு. பேருக்குத்தான் அது எங்களுடையது. வெள்ளையடிக்க ஒரு வீடு, பந்தல் போட ஒரு வீடு, ஓடு மாற்ற ஒரு வீடு என்று ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"நம்ம ஏணிய நாமளே போய் இரவல் கேக்க வேண்டியிருக்கு" என்பாள் அம்மா.

ஒரு நாள் அத்தை, அதாவது எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, புளிப் பானை எடுக்க மேலே ஏறியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கொல்லை வழியாக வந்தார். ஏணி சும்மா சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா குளத்துக்குப் போயிருந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை மச்சின் வாயில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி ஊரையே வைதுகொண்டிருந்தாள். நான் கீழே நின்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்கிறியாடா? போடா, போயி அந்தக் கட்டையில போறவன்கிட்டேருந்து ஏணியப் புடுங்கிட்டு வாடா!"

அன்று அப்பாவும் சிரித்தார். அப்பா சிரிப்பது எங்கள் வீட்டில் அபூர்வம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மச்சில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அது வேடிக்கை என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஒழுங்கான ஏணி வரும்வரை புளிக்குழம்பு கிடையாது என்று அத்தை அறிவித்துவிட்டாள். அதனால் கூடத்தில் பேச்சு தொடங்கியது. அப்பாவுக்குத் தேக்கில் படிக்கட்டே வைத்துவிட ஆசை.

"படிக்கட்டு வச்சா நான் மாவாட்டறது எங்க? படிக்கட்டுக்கு அடியில பூந்துகிட்டா?" என்றாள் அம்மா.

சுவரோடு நிமிர்ந்து நிற்கும் மர ஏணி ஒன்றை அறைந்துவிடலாம் என்றார் ஆசாரி. அம்மா என்னைக் கையால் காட்டினாள். "அப்ப வெல்லத்துக்கு இவன காவல் போடுங்க."

அந்தச் சமயத்தில்தான் மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. திருச்சியில் ரயில் பட்டறையில் வேலை. அவர் சட்டையில் எப்போதும் கிரீஸ் வாசனை இருக்கும், எனக்கு அது உலகத்தின் வாசனையாக இருந்தது. எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு, கரித்துண்டை எடுத்துத் தரையில் படம் போட்டார். பெரிய அதிகாரி ஒருவரின் பங்களாவில் ஏதோ பழுது பார்க்கப் போனபோது கண்டதாம். மச்சில் ஒரு கதவு, கீழ்ப்பக்கமாகத் திறக்கும். அதன் முதுகில் இரண்டாக மடிந்த ஏணி. கயிற்றை இழுத்தால் இறங்கி நிற்கும், மறுபடி இழுத்தால் மடிந்து மேலே போய் மூடிக்கொள்ளும். கீழே நின்று பார்த்தால் ஏணி இருப்பதே தெரியாது.

"யாரும் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல?" என்று கேட்டாள் அத்தை.

"வீட்டையே தூக்கிட்டுப் போனாத்தான்க்கா."

அத்தை எழுந்து போய்ப் புளி கரைத்தாள்.

எங்கே இறக்குவது என்பதில் ஒரு சின்னப் பேச்சு நடந்தது. மாமா கூடத்தைக் காட்டினார், உத்தரம் அங்கே வாகாக இருந்தது. அப்பா பின்கட்டைக் காட்டினார். அப்பா அப்போது ஆளும் கட்சிக்காரர். கரை வேட்டி கட்டி மேடை ஏறினால் சாதி ஒழிய வேண்டும், உழுகிறவன் நிமிர வேண்டும் என்று கணீரென்று பேசுவார். முன்வரிசையில் உட்கார்ந்து நானே கைதட்டியிருக்கிறேன்.

"மூட்ட தூக்கற ஆளுங்க கூடத்துக்குள்ளயா வந்து போவாங்க மாப்ளே? பின்கட்டுதான் சரி. கொல்லையோட வந்து கொல்லையோட போயிடலாம்."

பின்கட்டுக்கும் ஒரு முறை இருந்தது. கொல்லையில் நிற்கும் ஆட்கள் கூப்பிட்டால் உள்ளே ஏறலாம், கூப்பிடாமல் ஏறக் கூடாது. யாரும் அதைச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

தாழ்ப்பாளிலும் ஒரு பேச்சு. மேலே இருப்பவரும் திறக்கும்படி ஒரு துளை போட்டுக் கம்பி விடலாம் என்றார் மாமா. அப்பா ஒப்பவில்லை. ஓட்டைப் பிரித்து இறங்கும் திருடர்கள் அப்போது அதிகம். "ஓட்டப் பிரிச்சு வர்றவனுக்கு நாமளே ஏணி போட்டுக் குடுக்கறதா? தாப்பா கீழ மட்டும் இருக்கட்டும்."

"அப்ப மேல இருக்கறவங்க, அத்தான்?"

"குடியிருக்கவா போறாங்க? கூப்பிட்டா யாராவது எறக்கி விடறாங்க."

அதில் தப்பொன்றும் இல்லை. அப்போது அவர் மனதில் திருடனைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்றே இன்றும் நம்புகிறேன்.

ஆசாரியும் மாமாவும் பலகையை அறுத்த நாட்கள் எனக்குத் திருவிழா. பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. கீல்கள் தஞ்சாவூரிலிருந்து வந்தன. கிணற்றுக் கப்பியைப் போல இரண்டு சின்னக் கப்பிகளை மாமா பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். எடைக்கு எடை தொங்கவிட அம்மியின் பழைய குழவியைக் கேட்டபோது, குழவியைத் தூக்கில் போடுவார்களா என்று அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். கடைசியில் அடுத்த லீவில் மாமா ஒரு கோணிப்பையில் கனமாக ஒன்றைச் சுமந்துகொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். ரயில் சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் இரும்புக் கட்டை, தேய்ந்து கழித்துப் போட்டது.

"இது இல்லாம ரயில் எப்படி நிக்கும் மாமா?" என்று கவலையோடு கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்காக ஒரு ரயில ஓட விட்டுட்டேன்டா."

முதல் வெள்ளோட்டத்தில் ஏணி சரசரவென்று இறங்கி, கீழே இருந்த அண்டாவை நசுக்கியது. இரண்டாவது முறை ஒரு கால் தரையில் நின்றது, ஒரு கால் அந்தரத்தில் ஆடியது. தண்ணீர் வடிவதற்காகப் பின்கட்டுத் தரை சரிவாகப் போடப்பட்டதை இருவருமே மறந்திருந்தார்கள். "தரைய நிமித்துங்க" என்றார் ஆசாரி. "ஏணியச் சாய்ங்க" என்றார் மாமா. இருவரும் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஆசாரி தாமாகவே போய் ஒரு காலுக்கு இரண்டு விரல் கட்டை கொடுத்தார். அதன்பின் ஏணி பூனை போல இறங்கியது. ஊரே வந்து பார்த்தது. ரயில் ஏணி என்று பெயரும் வைத்தது.

இரும்புக் கட்டையின் புண்ணியத்தில் ஏணியை ஏற்றி இறக்க ஒரு சிறுவனின் கை போதும். தாழ்ப்பாள் உயரத்தில் இருந்ததால் மாங்காய் பறிக்கும் துறட்டியால் தள்ள வேண்டும். அது எனக்குச் சுலபமாக வந்தது. வீட்டில் அதுவே என் உத்தியோகம். யாருக்கு எது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. ஊரில் அப்போது இரண்டு கொடிகள். ஒன்று அப்பாவின் கட்சிக் கொடி, மற்றது விவசாயச் சங்கத்தின் செங்கொடி. சட்டத்தை மேடையில் வாழ்த்திப் பேசியவர் அப்பாதான். பேசிவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வடக்கு வெளி நிலத்தை மாரிமுத்து என்பவர் உழுதுகொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவருடைய அப்பா. எல்லாம் வாய்ப்பேச்சுதான். பெயர் பதிவாகிவிட்டால் அவரை யாரும் இறக்கிவிட முடியாது. அப்போது நான் அவரை 'மாரிமுத்து, வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் 'தம்பி, வாங்க, போங்க' என்பார். இப்போது எழுதும்போதுதான் அவர் என்று எழுதுகிறேன்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். எனக்கு அதனால் லீவு. காலையிலேயே அப்பா மாரிமுத்துவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

"குறுவைக்கு வெத வேணாமா? மேல கோட்டை கட்டி வச்சிருக்கேன். எறக்கிட்டுப் போ."

வைக்கோல் புரியால் பந்து போலக் கட்டிய விதை நெல்லைக் கோட்டை என்பார்கள். நிலத்துக்காரர் கையால் விதை கொடுத்தால் இன்னொரு வருஷத்துக்கு நிலம் உனக்குத்தான் என்று அர்த்தம். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மாரிமுத்துவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இன்னிக்கு ஆபீசர் வர்றாங்கய்யா..."

"வர நேரமாகும்டா. எறக்கிட்டுப் போ."

அவர் வேட்டியை மடித்துக்கட்டி ஏறினார். கோட்டையை மச்சில் எங்கோ உள்ளே, கூடத்துக்கு மேலே வரும் மூலையில் வைத்திருந்தார்கள். அவர் குனிந்து போகும் சத்தம் கேட்டது. அப்பா என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஏணிய ஏத்திடு" என்றார். "யாராச்சும் கேட்டா, நம்ம வண்டியோட பேராவூரணிக்குத் தேங்கா ஏத்தப் போயிருக்கான்னு சொல்லு." என் தலையில் கைவைத்து ஒரு முறை அழுத்திவிட்டு, சலவை வேட்டியோடு விசாரணைக்குப் போனார்.

அப்பா என்னோடு சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார் என்று நினைத்தேன். அத்தை மாட்டிக்கொண்ட அன்றைப் போல. அதுவரை அவர் என்னோடு எதையும் விளையாடியதில்லை. கயிற்றை இழுத்தேன். ஏணி மடிந்து போய் மூடிக்கொண்டது. துறட்டியால் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

முதலில் பலகையை மெதுவாகத் தட்டினார். "தம்பி, ஏணிய எறக்குங்க தம்பி."

"அப்பா வந்தாத்தான்."

சற்று நேரம் கழித்து, "ஆபீசர் வந்துட்டாங்களா தம்பி?"

"தெரியாது." சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுக்களையிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "மேல என்னடா சத்தம்?"

"எலி, அத்த."

இது அப்பா சொல்லிக்கொடுத்ததல்ல. நானாகச் சொன்னது.

வெயில் ஏறியபோது கொல்லையில் சிங்காரம் வந்து நின்றார். மாரிமுத்துவின் மனைவிக்கு அண்ணன். சங்கத்தின் ஆள். ஊர்வலங்களில் அவர் குரல் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். அன்று மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி, மாரி இங்க வந்துச்சா? அங்க பேரு கூப்புடப் போறாங்க."

நான் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். "எங்க வண்டியோட பேராவூரணிக்குத் தேங்கா ஏத்தப் போயிருக்கு."

அவர் உடனே போகவில்லை. கொல்லையில் நின்றபடியே மச்சைப் பார்த்தார், பிறகு சுவரில் சாய்ந்திருந்த துறட்டியைப் பார்த்தார், மறுபடி மச்சைப் பார்த்தார். ஊரார் எல்லோரையும் போல இவரும் ரயில் ஏணியைத்தான் வியக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மேலே சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். ஏணியை இறக்கச் சொன்னார். மாரிமுத்து கோட்டையோடு இறங்கினார். வியர்வையில் உடம்பெல்லாம் வைக்கோல் தூசி ஒட்டியிருந்தது.

"அடப்பாவி, மேலயா இருந்தே? இந்தப் பய ஏணிய ஏத்திட்டானா?" என்று சொல்லிவிட்டு அப்பா என் கன்னத்தில் அறைந்தார்.

"அடிக்காதீங்கய்யா. சின்னப்புள்ள, வெளையாட்டுக்குப் பண்ணிருக்கும்."

நான் அழவில்லை. அறையும் விளையாட்டில் சேர்ந்தது என்று நினைத்து, அப்பா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைச் சிமிட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மாரிமுத்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். கோட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, தம் தெருவில் எல்லோரும் பார்க்க, வீட்டுக்குப் போனார்.

கூப்பிட்டபோது ஆள் இல்லாததால் பெயர் பதிவாகவில்லை. அந்தக் குறுவைதான் கடைசி. அறுப்பு முடிந்ததும் அப்பா சொந்தச் சாகுபடி என்று நிலத்தை எடுத்துக்கொண்டார். மாரிமுத்து குடும்பத்தோடு கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும்போதுதான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அப்பா இருக்கும்வரை அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவர் போன பிறகு, போனவரைப் பற்றி எதற்கு என்று சொல்லிக்கொண்டேன். வடக்கு வெளியை விற்றுத்தான் தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் மனையை வாங்கினோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விசாரித்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போனேன். மாரிமுத்து மகள் வீட்டில் இருந்தார். உப்பு வெயிலில் கண் பாதி போயிருந்தது. நான் யார் என்று சொன்னதும், "வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். நிலம் இல்லை, என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிங்காரம் கொரல் கேட்டுச்சே, ஏன் கத்தல?" என்று கேட்டேன்.

"வெத குடுக்கறேன்னு கூப்புட்டாரே தம்பி. வெத குடுக்கறவரு ஏமாத்துவாருன்னு எப்படி நெனப்பேன்? கத்தி காரியத்தக் கெடுத்துக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன். சூதுன்னு புரிஞ்சப்ப மச்சான் போயிட்டான். ஓட்டப் பிரிச்சு எறங்கியிருந்தா திருடன்னு கட்டி வச்சிருப்பாங்க."

பிறகு அவரே சொன்னார். "நெலம் போனது கூடப் பரவால்ல. அந்தக் கோட்டைய தூக்கிட்டுப் போனேன் பாருங்க, வெதைக்கு வெல போயிட்டான்னுட்டாங்க. மச்சான் அன்னிக்கு வுட்ட பேச்சுதான். எம் பொண்ணு வயசுக்கு வந்தப்ப குச்சு கட்டத் தாய்மாமன் வரல. கல்யாணத்துக்கும் வரல. எம் பொண்டாட்டி, அவன் தங்கச்சி, அவ சாவுக்கு வந்து எம் மூஞ்சியப் பாக்காம போனான். எங்கிட்ட சொல்லி என்ன தம்பி? எனக்குத்தான் தெரியுமே. அவங்கிட்ட சொல்லுங்க."

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். சிங்காரம் மிகவும் தளர்ந்துபோய்க் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதிர்ச்சி எதையும் காணவில்லை.

"நீங்க சொன்னத அன்னிக்கே நான் நம்பல தம்பி."

எனக்குப் புரியவில்லை.

"மேல பலகை முனகுச்சு. எனக்குக் கேட்டுச்சு. தொறட்டி எட்டற தூரத்துல இருந்துச்சு. ஒரு எட்டு ஏறியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"பயமா இருந்ததா?"

"பயம்னா கூடத் தேவலை. ரோட்டுல போலீஸ் தடிக்கு நின்னவன்தான் நான். கூப்புடாம அந்தப் பின்கட்டுல நான் ஏறினதே இல்ல தம்பி. காலு வரல." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சங்கத்துல என்னான்னு போய்ச் சொல்றது? அவன் வெல போயிட்டான்னு சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் தோணிப்போச்சு."

பிறகு என் பக்கம் திரும்பி, "என்னைய அங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

கார் வைத்து அழைத்துப்போனேன். வழியில் வேதாரண்யத்தில் நிறுத்தச் சொல்லிப் புடவையும் பூவும் பழமும் வாங்கினார். மாரிமுத்துவின் மகளுக்கு அப்போது தலை நரைத்துவிட்டது. தட்டை நீட்டிய மாமனைப் பார்த்து, "இந்த வயசுல எனக்கு மாமன் சீரா? பேத்திக்கு வச்சிருக்கலாம்ல?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் வரக் கொஞ்சம் நேரமானது. வரும்போது அந்தப் புடவையைக் கட்டியிருந்தாள்.

கிழவர்கள் இருவரும் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுதே மச்சான்" என்றார் மாரிமுத்து.

"எனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தம்பி வந்து சொன்ன பொறவுதானே தெரிஞ்சுது. அன்னிக்குப் புள்ள வாயால வந்த சொல்லு, நம்பிட்டேன்."

சொல்லும்போது சிங்காரம் என்னைப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு சிறுவன் சொன்ன பொய்யில் ஒதுங்கிக்கொள்ள எத்தனை பெரியவர்களுக்கு இடம் இருந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அதற்குள்ளிருந்து இவர் ஒருவரை இழுத்து வெளியே விடுவதால் யாருக்கும் எதுவும் திரும்பி வரப்போவதில்லை என்று அப்போது தோன்றியது. சரியா தவறா என்று இன்றும் தெரியவில்லை.

மகள் மட்டும் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

"சாருக்கும் ஒண்ணு போடும்மா" என்றார் மாரிமுத்து.

"சாரு நம்ம வீட்டுல சாப்புட மாட்டாங்கப்பா."

காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றேன்.